ஞாயிற்றுக்கிழமைச் சித்தி

பிரவீனாவுக்குத் தமிழ் தெரியும். வினையே அங்கேதான் தொடங்கியது.

தமிழ் தெரியாத ஒரு ஜெர்மன்காரியோ டென்மார்க்காரியோ வந்திருந்தால், பிள்ளைகளுக்குக் காகிதத்தில் கொக்கு மடித்துக் கொடுத்து, கொசுக்கடியைச் சொறிந்துகொண்டு, மூன்று மாதம் முடிந்ததும் பெட்டியைக் கட்டியிருப்பாள். யாருக்கும் ஒரு சேதாரமும் இருந்திருக்காது. பிரவீனா மலேசியாக்காரி. ஜொகூரில் குளுவாங் பக்கம் ஒரு வங்கியில் வேலை பார்த்தவள். பல வருடம் பழகிய ஒருத்தன் வேறு இடத்தில் நிச்சயம் செய்துகொண்டுவிட, எங்கேயாவது போய் யாருக்காவது உபயோகமாக இருந்துவிட்டு வருவோம் என்று இணையத்தில் தேடினாள். பிள்ளைப்பாக்கத்தில் 'கைகோர்ப்பு சமூக வளர்ச்சி மன்றம்' என்று ஒரு தொண்டு நிறுவனம் வெளிநாட்டுத் தொண்டர்களை வரவேற்பதாகப் போட்டிருந்தது. அவளோடு விண்ணப்பித்த சிநேகிதிகள் நேபாளம், கம்போடியா என்று போனார்கள். நமக்கெதற்கு அந்தப் பாஷைத் தொல்லை, நம்ம ஜனங்களிடமே போவோம் என்று இவள் இங்கே வந்து இறங்கினாள்.

மன்றம் என்றால் பிரமாதமாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். வயலாக இருந்து மனையாகி, மனையாக இருந்து குடோனாகி, குடோனுக்கும் ஆள் வராமல் போன ஒரு கட்டடம். கீழே பிள்ளைகள் காப்பகம், மேலே தையல் மிஷின்கள். செயலாளர் ஜோயல், நன்கொடைக்காக ஒரகடத்துக் கம்பெனிகளின் கதவைத் தட்டித் தட்டியே தலை நரைத்தவர். காப்பகத்தைப் பார்த்துக்கொள்வது மீனம்மாள். அவள் வீடு கட்டடத்துக்குப் பின்னாலேயே இருந்தது. இரவில் அழைத்துப் போக ஆளில்லாத பிள்ளைகள் அங்கேதான் படுத்துக்கொள்ளும்.

புதிதாக வருகிறவர்களை உட்காரவைத்து ஜோயல் எல்லாவற்றையும் விளக்குவார். எந்தத் தண்ணீரைக் குடிக்கக்கூடாது, எந்தப் பிள்ளைக்கு முட்டை ஆகாது, ஷிப்ட் விடும் நேரத்தில் எந்த ரோட்டைக் கடக்கக்கூடாது. சித்திகளைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கமாட்டார். அதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை என்பதுதான் அங்கே ஏற்பாடு.

காப்பகத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தி வருவாள். சுங்குவார்சத்திரத்து ஹாஸ்டல்களிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து, தலைக்குக் குளித்த ஈரத்தோடு, கையில் பிஸ்கட் பொட்டலத்தோடு வருவாள். பிள்ளையை மடியில் போட்டுப் பேன் பார்ப்பாள், நகம் வெட்டுவாள், சோறு ஊட்டுவாள், சாயங்காலம் முந்தானையைப் பிடித்திருக்கும் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுப் போவாள். பிரவீனா இதைப் பார்த்து உருகிப் போனாள். 'தமிழ்நாட்டில் சித்திகளுக்கு எவ்வளவு பாசம் தெரியுமா' என்று குடும்ப வாட்சப் குழுவில் எழுதி, கூடவே நாலைந்து இதயங்களையும் போட்டாள். பாவம், அவளுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்.

அவளிடம் ஒட்டிக்கொண்ட பிள்ளை நிலா. மூன்று வயது இருக்கும். பேச்சு கொஞ்சம் தாமதம். 'மிஸ்' என்று கூப்பிட்டுக்கொண்டு வாலைப் போலப் பின்னாலேயே திரிவாள். நிலாவின் சித்தி பெயர் உலகம்மாள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவள், எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் ஏஜென்சி மூலமாகக் காண்டிராக்ட் வேலை. பிரவீனாவைவிட ஒன்றிரண்டு வயது சின்னவளாக இருக்கலாம், ஆனால் முகம் மூத்திருந்தது.

வந்து ஒரு மாதம் ஆன ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிலாவுக்குக் காய்ச்சல். உலகம்மாள் வந்ததும் பிள்ளை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்கவே இல்லை. பிரவீனாவுக்கு மனசு பொறுக்கவில்லை.

"நீங்க இவ்ளோ பாக்குறீங்க. இவளோட அம்மா எங்கதான் லா? பிள்ளைக்குக் காய்ச்சல்னா ஓடி வர வேணாமா? நான் வந்ததுலேர்ந்து ஒரு நாள்கூட எட்டிப் பாக்கல. என்ன அம்மா அது?"

உலகம்மாள் பிள்ளையைத் தோளில் சாய்த்தபடியே ஒரு கையால் பால் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"வரத்தான் செய்தா. நீங்களும் பாத்துட்டுதான இருக்கீய."

பிரவீனாவுக்கு அது உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. உறைத்ததும் பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்று இருந்தது.

பிள்ளை தூங்கிய பிறகு உலகம்மாளே சொன்னாள். புருஷன் லாரியில் போனவன், குஜராத் பக்கம் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டதாகக் கேள்வி, திரும்பவில்லை. ஏஜென்சிக்காரர்கள் கல்யாணம் ஆகாத பெண்களைத்தான் எடுக்கிறார்கள். கல்யாணம் ஆனவள் லீவு கேட்பாள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்பாள், நைட் ஷிப்டுக்கு முகம் சுளிப்பாள் என்று கணக்கு. அசெம்ப்ளி லைனில் உலோகம் எதுவும் கூடாது என்பதால், தாலியைக் கழற்றியதற்கு ஊரில் சொல்ல ஒரு காரணம் இருந்தது. பிள்ளைதான் சிக்கல். எனவே பேச்சு வருவதற்கு முன்பே சித்தி என்று சொல்லிக்கொடுத்துவிட்டாள். ஹாஸ்டல் பெண்கள், ஆட்டோ டிரைவர், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி என்று யார் வேண்டுமானாலும் ஏஜென்சியின் காதாக இருக்கலாம். தான் இல்லாத இடத்தில்கூடப் பிள்ளை வாய் தவறக்கூடாது என்றால், பிள்ளைக்கே உண்மை தெரியாமல் இருப்பதுதான் உத்தமம்.

"எத்தனை நாளைக்கு இப்படி?" என்று பிரவீனா கேட்டாள்.

"லைன் லீடர் வேலைக்கு என் பேரு போயிருக்கு மிஸ். ஆகிட்டா பர்மனென்ட். பர்மனென்ட் ஆளுகிட்ட யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ. ஹாஸ்டலும் வேண்டாம். தனியா ஒரு ரூம் எடுத்து இவளக் கூட்டிட்டுப் போயிருவேன். அப்புறம் என்ன, அம்மாதான்." சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்தது. பிரவீனா அவள் சிரித்துப் பார்த்தது அன்றைக்குத்தான். "தீவாளி கழிஞ்சு சொல்லுவாவன்னு பேச்சு."

தீபாவளிக்கு முன்னாலேயே பிரவீனாவின் மூன்று மாதம் முடிகிறது.

இங்கேதான் அந்தப் பெண்ணின் புத்தி கெட்டது. கெட்ட எண்ணம் என்று சொல்லமாட்டேன். அதைவிட மோசமான நல்ல எண்ணம். நிலா உலகம்மாளை 'அம்மா' என்று கூப்பிடுவதை விமானம் ஏறுவதற்குள் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டாள். ஒரே ஒரு தடவை, நாலு சுவருக்குள், கடைசி ஞாயிற்றுக்கிழமை அன்றைக்கு. அப்போது உலகம்மாள் முகம் எப்படி இருக்கும் என்று படுக்கையில் கிடந்து நினைத்துப் பார்ப்பாள், அவளுக்கே கண் கலங்கும். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார்கள் என்று உள்ளுக்குள் தெரிந்திருக்க வேண்டும்.

மீனம்மாள் சமையலில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் பாடம் நடக்கும். போனில், கம்பெனி மஞ்சள் டீஷர்ட் போட்ட உலகம்மாளின் படத்தைக் காட்டி, "யாரு இது?" என்பாள். "சித்தி" என்று நிலா சொல்வாள். "இல்லடா செல்லம், அம்மா. சொல்லு, அம்மா." முதல் சில நாட்கள் பிள்ளை மலங்க மலங்க விழித்தது. பிரவீனா வண்ண மிட்டாய் பாக்கெட் வாங்கி டவுசர் பையில் வைத்துக்கொண்டாள். அம்மா என்றால் ஒரு மிட்டாய், சித்தி என்றால் கிடையாது. பேச்சு தாமதம் என்று சொன்ன பிள்ளைக்கு இது மட்டும் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. படத்தைப் பார்த்ததுமே "அம்மா!" என்று கத்திவிட்டுக் கையை நீட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் நேரில் பார்க்கும்போது பழக்கதோஷத்தில் சித்தி என்றுதான் வந்தது. பிரவீனாவும் அதற்கு மெனக்கெடவில்லை. கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில், வாசலில் ஆள் வரும்போது மிட்டாயைக் காட்டிவிட்டால் போதும் என்று வைத்திருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

கம்பெனிகள் சமூக சேவைக்கென்று வருடத்துக்கு ஒரு நாள் தொழிலாளர்களைக் கூட்டிக்கொண்டு கிளம்புவது வழக்கம். சுவருக்குப் பெயின்ட் அடிப்பார்கள், பொம்மை கொடுப்பார்கள், படம் எடுப்பார்கள். இந்தத் தடவை கைகோர்ப்பு மன்றத்துக்கு அதிர்ஷ்டம் அடித்திருந்தது. ஜோயல் புதுச் சட்டை போட்டு, வாசலில் கோலம் போடச் சொல்லி, மீனம்மாளை நாலு தடவை விரட்டினார். வேன் வந்து நின்றது. ஏஜென்சியின் அதிகாரி சிவசங்கர் முதலில் இறங்கினார். நல்ல மனிதர், சிரித்த முகம். பின்னால் ஒரே மாதிரி மஞ்சள் டீஷர்ட் போட்ட பெண்கள். அவர்களில் ஒருத்தி உலகம்மாள்.

லைன் லீடர் பட்டியலில் இருக்கிறவர்களைத்தான் பொறுக்கி எடுத்துக் கூட்டி வந்திருந்தார் சிவசங்கர். அவளும் மகிழ்ச்சியாகத்தான் வந்திருந்தாள். வேலை நாளில், சம்பளத்தோடு, பிள்ளையைப் பார்க்கக் கிடைத்த வாய்ப்பு. பயப்பட என்ன இருக்கிறது? பார்த்ததும் பிள்ளை சித்தி என்று ஓடிவரும். அக்கா பிள்ளை இங்கே இருக்கிறாள் சார் என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்காகத்தானே இத்தனை நாள் வாயைக் கட்டி வளர்த்தது.

பிரவீனா அவளைப் பார்த்ததும் நிலாவைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விடலாம் என்று திரும்பினாள். அதற்குள் நிலா பார்த்துவிட்டாள். படத்தில் போட்டிருந்த அதே மஞ்சள் டீஷர்ட்.

"அம்மா!"

நல்ல சத்தமான குரல். தெளிவாக, ஒரு எழுத்து பிசகாமல் வந்தது. ஓடிப்போய் உலகம்மாளின் காலைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டவள் கழுத்தைத் திருப்பி, பிரவீனாவைப் பார்த்து, மிட்டாய்க்குக் கையை நீட்டினாள்.

உலகம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள். அது நீண்டிருந்த பக்கம் பார்த்தாள். என்ன நடந்திருக்கிறது, யார் செய்தது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. மூன்று வருடமாக அவள் கேட்க ஏங்கிய வார்த்தை அது. கேட்ட நேரத்தில் அவள் முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை.

"என்னம்மா உலகம்மா, உன்னைப் போய் அம்மாங்குது?" என்று சிவசங்கர் சிரித்துக்கொண்டே கேட்டார். சும்மா வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனால் பதில் வராத ஒவ்வொரு நொடியும் அந்தச் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. மற்றப் பெண்கள் குனிந்து பொம்மைப் பெட்டியைப் பார்த்தார்கள். அவர்களிலும் எத்தனை பேர் சித்திகளோ.

பிரவீனா முன்னால் வந்தாள். "என் பொண்ணு சார்" என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "இப்பதான் பேசப் பழகுறா. யாரைப் பார்த்தாலும் அம்மான்னு ஓடிருவா."

சிவசங்கர் பிரவீனாவைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். உலகம்மாள் சட்டென்று மண்டியிட்டு, தன் காலைச் சுற்றியிருந்த கைகளைப் பிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் செய்து பழகிய காரியம்.

"பாப்பா, உங்கம்மா அங்க நிக்காங்க பாரு. நான் அம்மா இல்ல. அங்க போ."

"அம்மா" என்றாள் நிலா, அவள் கன்னத்தைத் தொட்டு. சரியாகத்தான் சொல்கிறோம், ஏன் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை என்பது போல ஒரு பார்வை.

"நான் இல்லன்னு சொல்லுதேன்லா! போ அங்க!"

அது அதட்டல். உலகம்மாள் அந்தப் பிள்ளையை அதுவரை அதட்டியதே கிடையாது. நிலாவின் உதடு பிதுங்கியது. நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். பிறகு மெல்ல நடந்து பிரவீனாவிடம் வந்தாள். பிரவீனா தூக்கிக்கொண்டாள்.

"இது யாரு பாப்பா?" என்று சிவசங்கர் குனிந்து செல்லமாகக் கேட்டார்.

நிலா பிரவீனாவின் முகத்தைப் பார்த்தாள். "அம்மா" என்றாள், பயந்து போய், ரகசியம் போல. சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள்.

"ஏதோ கேக்குது பாருங்க மேடம், குடுங்க" என்றார் சிவசங்கர்.

பிரவீனா பைக்குள் கையை விட்டு ஒரு மிட்டாயை எடுத்துக் கொடுத்தாள். வாழ்க்கையில் அதற்கு முன்னால் அத்தனை கேவலமான ஒரு காரியத்தைத் தான் செய்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் கொடுக்காமல் இருக்கவும் வழியில்லை. சிவசங்கர் திருப்தியாகச் சிரித்து, எல்லாரையும் படம் எடுக்கக் கூப்பிட்டார். படத்தில் உலகம்மாள் ஓரத்தில் நின்று பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வேன் போன பிறகு மீனம்மாள் வாளியை ணங்கென்று வைத்தாள்.

"இன்னாமா பண்ணி வெச்சிகீற? ஊரே சேந்து ஒரு பொய்ய பொத்திப் பொத்திக் காப்பாத்திக்கினு கீறோம். நீ நடுவுல பூந்து நெசத்தக் கத்துக்குடுத்துட்டியே. படிச்ச பொண்ணுதான நீ?"

ஜோயல் மாடிக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை உலகம்மாள் வருவாளா என்றுகூட பிரவீனாவுக்குச் சந்தேகமாக இருந்தது. வந்தாள். தலைக்குக் குளித்து, பிஸ்கட் பொட்டலத்தோடு, எப்போதும் போல வந்தாள். நிலா பிரவீனாவின் மடியைவிட்டு இறங்கவில்லை. "யாரு வந்திருக்கா பாரு" என்று மீனம்மாள் சொல்ல, "சித்தி" என்றாள். வெள்ளிக்கிழமை வாங்கிய அதட்டலுக்குப் பிறகு அதில் தப்பு வர வாய்ப்பே இல்லை. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பி, "அம்மா, தண்ணி" என்றாள் பிரவீனாவிடம்.

"நான் அம்மா இல்லடா, மிஸ். அவங்கதான்..." என்று பிரவீனா ஆரம்பித்தாள்.

"வேண்டாம் மிஸ்." உலகம்மாள் கைகாட்டி நிறுத்தினாள். "இனி மாத்தாதீய. ஆளுக்கு ஆளு மாத்திச் சொன்னா பிள்ள பேசுததையே விட்டுரும். ஏஜென்சில இன்னும் பட்டியல் முடிவாகல. அந்த சார் மறுபடி வந்தாலும் வருவாரு. இப்டியே இருக்கட்டும்."

"ஸாரி உலகம்மா. உங்களுக்கு சந்தோஷமா இருக்கும்னு நெனச்சேன். நான் போறதுக்குள்ள..."

"உங்களுக்கு இருந்த அவசரம் எனக்கு இல்லாமலா மிஸ் இருந்துச்சு?"

அவள் அதைக் கோபமாகக் கேட்கவில்லை. கோபப்பட்டிருந்தால் பிரவீனா பிழைத்திருப்பாள். சாயங்காலம்வரை உலகம்மாள் காப்பகத்திலேயே இருந்தாள். பிள்ளைக்குப் பேன் பார்க்க முடியவில்லை. மடியில் படுக்க அது வரவில்லை. மற்றப் பிள்ளைகளுக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மதியம் பிரவீனா கிளம்பினாள். சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் பிடித்தால் விமான நிலையத்துக்கு நேராகப் போய்விடலாம். உலகம்மாளுக்கு நைட் ஷிப்ட், அதனால் அவளும் வந்திருந்தாள். வழியனுப்ப என்று சொன்னாள். அது இல்லை காரணம். பிள்ளை அழும்போது பிடித்துக்கொள்ள யாராவது வேண்டும், மீனம்மாளுக்கு முழங்கால் வலி.

பிரவீனா பெட்டியை ஆட்டோவில் ஏற்றும்வரை நிலா பேசாமல் நின்றாள். வண்டி உறுமியதும் புரிந்துவிட்டது. "அம்மா!" என்று ஓடி வந்தாள். உலகம்மாள் பின்னாலிருந்து வாரித் தூக்கினாள். பிள்ளை துள்ளியது, அவள் கையைக் கடித்தது. "விடு சித்தி! அம்மாகிட்ட போணும்! விடு சித்தி!" பேச்சு தாமதம் என்றார்களே, இவ்வளவு நீளமாக அது பேசியது அன்றைக்குத்தான். உலகம்மாள் கடிபட்ட கையை எடுக்கவே இல்லை. இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பிள்ளையின் தலைக்கு மேலாகப் பிரவீனாவைப் பார்த்து, "திரும்பிப் பாக்காம போங்க மிஸ்" என்றாள்.

ஆட்டோ தார் ரோட்டில் ஏறிய பிறகும் அந்தக் கூப்பாடு கேட்டுக்கொண்டே இருந்தது. டிரைவர் கண்ணாடியில் இவளைப் பார்த்தார். பிறகு பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்.

"இன்னாமா இது, கொழந்த அந்தக் கத்து கத்துது. அத்த அப்டியே வுட்டுட்டு எங்கமா போற? நீயெல்லாம் ஒரு தாயா?"

அது என் பிள்ளை இல்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. அவர் தலைக்கு மேலே, ஹாஸ்டல் பெண்களை ஷிப்டுக்கு ஏற்றிப் போகிற ஆட்டோக்களுக்கு ஏஜென்சி கொடுக்கும் பாஸ் ஒட்டியிருந்தது.

"வேலைக்குப் போறேன் அண்ணே" என்றாள் பிரவீனா.